ஒழுகாத ஜாக்கி

எங்கள் வீட்டுக்கும் என் கணவருடைய பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அவர் இருமினால் இந்தப் பக்கம் என் அடுப்படியில் கேட்கும். கல்யாணமாகி, பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் மண்டபம் ஊருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, எந்தச் சத்தம் எந்த வேலை என்று பார்க்காமலே சொல்லப் பழகிவிட்டேன். அரம் போடுகிற சத்தத்தில் பல் கூசும். சம்மட்டிச் சத்தம் ஆரம்பித்தால் அலமாரியில் இருக்கும் பீங்கான் தட்டுகளைத் தரையில் இறக்கி வைத்துவிடுவேன். சம்மட்டி நின்று அவர் வாயில் கெட்ட வார்த்தை கிளம்பினால், அன்றைக்குச் சாப்பிட வர நேரமாகும் என்று அர்த்தம்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோவதற்குச் சில வருஷம் முந்தி நடந்த சங்கதி இது. பாய் கட்டி ஓடிய வள்ளங்களுக்கு நடுவே எஞ்சின் வைத்த லாஞ்சுகள் ஒன்றிரண்டாக வர ஆரம்பித்திருந்தன. என் கணவர் பருத்திக்காட்டில் பிறந்த மனிதர். நீச்சல் தெரியாது. கடல்தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஏறினால் திரும்பி வந்துவிடுவார். ஆனாலும் மதுரையில் ஒரு பஸ் பட்டறையில் எஞ்சின் வேலை கற்றுக்கொண்டு வந்தவர் என்பதால், கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாம் இவரைத் தேடி வந்தார்கள். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான். “கரையில நின்னு கப்பல் ஓட்டுற ஆளு” என்று நான் சீண்டினால், காதில் விழாதது போல மீசையைத் தடவிக்கொள்வார்.

லாஞ்சு வேலையில் அவரைப் பாடாய்ப் படுத்தியது ஒன்றே ஒன்று. எஞ்சினிலிருந்து பின்பக்கத்து விசிறிக்குப் போகும் நீளமான இரும்புத் தண்டை ஷாஃப்ட் என்பார்கள். அது ஒரு பித்தளைக் குழாய்க்குள் சுற்றும். அந்தக் குழாய்தான் புஷ். உப்புத்தண்ணீரில் இரண்டும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். புஷ்ஷைக் கழற்ற வேண்டுமானால் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க ஷாஃப்டின் நுனி நசுங்கும், புஷ் கிழியும், லாஞ்சுக்காரர் முகம் சுருங்கும். “ஒரு பிரஸ் இருந்தா சத்தமில்லாம அமுக்கித் தள்ளிரலாம்” என்று இவர் ராத்திரிச் சாப்பாட்டில் கைகழுவும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

நல்ல பிரஸ் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். அதன் விலையைக் கேட்டு வந்த அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு யாரோ மதுரையில் ஒரு இடத்தைச் சொன்னார்கள். அங்கே யுத்தத்தில் மிஞ்சிய, லாரியைத் தூக்கும் பழைய ஜாக்கிகளை ஏலத்தில் எடுத்து, காயலான் கடை இரும்பில் சட்டம் அடித்து, பச்சைப் பெயின்ட் பூசி, மலிவாகக் கொடுக்கிறார்களாம். இவர் போனார், பார்த்தார், லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இறக்கியதும் தெருவே கூடிவிட்டது. ஆளுயரத்துக்கு இரண்டு இரும்புக் கால்கள். மேலே ஒரு குறுக்கு விட்டம். நடுவில் வேலைப் பொருளை வைக்க ஒரு மேடை. மேலே இருந்த ஜாக்கியின் கைப்பிடியை அடிக்க அடிக்க ஒரு தடித்த தண்டு இறங்கி வந்து, மேடையில் இருப்பதை அமுக்கும். பெண்கள் ‘அமுக்குற மெஷின்’ என்று பேர் வைத்தார்கள். விட்டத்தின் மேல் வெள்ளைப் பெயின்டில் ‘பத்து டன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

நான் பாத்திரக்கடையில் குடம் வாங்கினாலும் தட்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்க்கிற ஜாதி. இதையும் சுற்றி வந்தேன். வெல்டிங் வைத்த இடமெல்லாம் பணியாரச் சட்டியில் மாவு வழிந்த மாதிரி இருந்தது. வழிந்ததற்கு மேலேயே பெயின்ட் பூசியிருந்தார்கள். மேடையைத் தாங்குகிற இரண்டு முளைகளில் ஒன்று லொடலொடவென்று ஆடியது, இன்னொன்று நுழையவே மறுத்தது. ஜாக்கியில் அச்சடித்திருந்த எழுத்தை யாரோ அரம் போட்டு அழித்திருந்தார்கள்.

“ஏங்க, இந்த மேடை கோணலா இருக்கே.”

“தரை கோணலு.”

“அந்தப் பத்து டன்னு யாரு நிறுத்துப் பார்த்தது?”

“செஞ்சவனுக்குத் தெரியாதா? நீ போயி வேலையப் பாரு.”

ஒரு தகரத் துண்டை மடித்து மேடையின் ஒரு பக்கம் முட்டுக் கொடுத்தார். கோணல் சரியாகிவிட்டதாம். ரவிக்கைத் துணியில் நூலிழை கோணல் போனாலே பிரித்துத் தைக்கிறவள் நான். ஆனாலும் இரும்பைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். மூடாமல் கத்தியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

முதல் வாரத்திலேயே ஒரு குறை தெரிந்தது. லேசான வேலைக்கு ஜாக்கி நன்றாக இறங்கும். கடினமான புஷ் என்றால், கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு, ஜாக்கியின் வயிற்றுப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஓட்டை வழியாக எண்ணெய் கசியும். அதற்கு மேல் தண்டு அழுத்தாது. இவர் எத்தனை அடித்தாலும் கசியும், அவ்வளவுதான்.

அந்த ஓட்டை எதற்கு இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தாங்க முடியாத அளவுக்கு அழுத்தம் ஏறினால் எண்ணெயை வெளியே விட்டு அழுத்தத்தைக் குறைப்பதற்காக, அந்த ஜாக்கியை முதலில் செய்தவர்கள் வேண்டுமென்றே வைத்த வழி அது. அந்த மட்டமான மெஷினிலேயே யோசித்துச் செய்த ஒரே பாகம் அதுதான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் பார்த்தது ஒழுகலை மட்டும்தான்.

எங்கள் கரையில் ஒழுகல் என்றால் யாருக்கும் பொறுக்காது. வள்ளம் ஒழுகினால் அதில் போன ஆள் இல்லை என்று அர்த்தம். அதனால் கடற்கரையில் கலப்பத்து வேலை செய்பவர்களுக்குத் தனி மரியாதை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை உளி வைத்து இறுக்கி, அதன்மேல் குங்கிலியத்தைக் காய்ச்சிப் பூசுவார்கள், அதுதான் கலப்பத்து. அந்த வேலையில் பேர் போன பாய் ஒருவர் எங்கள் பட்டறைக்குத் தினமும் டீ குடிக்க வருவார். ஐம்பது வயதிருக்கும். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். பெருநாளைக்கு அவர் வீட்டுப் பிரியாணி எங்கள் வீட்டில் மணக்கும்.

ஒருநாள் டீ டம்ளரை வைத்துவிட்டு அந்த ஜாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே எண்ணெய் சொட்டி ஒரு சின்னக் குளம் நின்றது.

“என்னலே இது, வாங்கின புதுசுலயே இப்படி ஒழுகுது?”

“மலிவுக்கு வாங்கினது பாய். அப்படித்தான் இருக்கும்.”

“ஒழுகுறதப் பார்த்துக்கிட்டு எப்படிலே சும்மா இருக்க? நாளைக்கு வாரேன்.”

வந்தார். பிஸ்மி சொல்லி உட்கார்ந்தார். ஓட்டைக்குள் திரியை ஊசிமுனையால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒரு செம்பு ஆப்பைச் செருகி, மரச் சுத்தியலால் பதமாகத் தட்டி, மேலே குங்கிலியம் ஊற்றி, கட்டை விரலால் வழித்துவிட்டார். ஒரு பச்சைப் பிள்ளைக்கு மருந்து போடுகிற மாதிரி அத்தனை பொறுமை. கூலி என்று பேச்செடுத்ததற்குக் கோபித்துக்கொண்டார். என் கணவர் கைப்பிடியை அடித்துப் பார்த்தார். சொட்டுக்கூட வெளியே வரவில்லை. அதுவரை அசையாமல் கிடந்த ஒரு புஷ், முனகிக்கொண்டே வெளியே வந்து விழுந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள்தான், அதையும் சொல்ல வேண்டும். பாம்பனிலிருந்தும் வேலை வந்தது. பீங்கான் தட்டுகள் அலமாரியிலேயே இருந்தன. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. கனமான வேலை நடக்கும்போது, கதவின் கீல் முனகுவதைப் போல இரும்பு மெதுவாக முனகும்.  “அது என்ன சத்தம்?” என்றால், “பாரம் ஏறுதுல்ல, அப்படித்தான்” என்பார்.

அன்றைக்குக் காலை, நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு லாஞ்சுக்காரர் வெகுநாள் கரையில் கிடந்த ஷாஃப்டைப் புஷ்ஷோடு கொண்டுவந்திருந்தார். கைப்பிடி ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது. முனகல் கேட்டது. முனகல் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. பிறகு எல்லாச் சத்தமும் நின்றது. கெட்ட வார்த்தைகூட வரவில்லை. அந்த மௌனம் எந்த வேலையின் சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. கழுவாத கையோடு ஓடினேன்.

என் கணவர் பிரஸ்ஸை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். ஷாஃப்ட் சாயாமல் இருக்க இடது கையால் பிடித்திருந்திருக்கிறார். அழுத்தம் தாங்காமல் சட்டம் வளைந்து, ஷாஃப்ட் பக்கவாட்டில் சாய்ந்து, பிரஸ்ஸின் இடது காலோடு போய் ஒட்டிக்கொண்டது. நடுவில் அவருடைய விரல்கள். அழுத்தத்தைத் தளர்த்துகிற திருகை வலது கையில் இருந்த ஸ்பானரால் திருப்பியிருக்கிறார். திருகின் தலை முறிந்து ஸ்பானரோடு வந்துவிட்டது. அதை என்னிடம் காட்டினார். வெல்லத்தைக் கடித்த மாதிரி முறிந்திருந்தது.

“எடுக்க முடியல” என்றார். ஏதோ வாளியை எடுக்க முடியாதது போலத்தான் சொன்னார். முகமெல்லாம் வேர்வை ஓடியது.

லாஞ்சுக்காரர் சம்மட்டியைத் தூக்கினார். “அடிச்சிராதீக! தெறிச்சா எல்லாரு மண்டையும் போயிரும்” என்று இவர் கத்தினார். அவர் சம்மட்டியைப் போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கைப்பிடியை அடித்தால் இன்னும் அழுத்தும். அடிக்காவிட்டால் இருக்கிறது இருக்கிறபடி நிற்கும். தளர்த்துவதற்கு வழி இல்லை. ஒரு மெஷினுக்கு இறுக்க மட்டும் தெரியும், விடத் தெரியாது என்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

“அந்த ஓட்டையத் திறந்தா எண்ணெய் வெளிய போகும். பாயக் கூப்பிடு” என்றார் என் கணவர்.

லாஞ்சுக்காரர் கடற்கரைக்கு ஓடினார். நான் என் கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “நீ வெளிய போ, தெறிச்சா உனக்கும் அடிபடும்” என்றார். போகமாட்டேன் என்றேன். என் கையில் மீன் வாடை அடித்தது. அதே கையால் அவர் நெற்றியைத் துடைத்தேன். அதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கத்தலாம் என்று தோன்றியது. யாரைப் பார்த்துக் கத்துவது?

பாய் உளிப்பெட்டியோடு ஓடிவந்தார். பார்த்ததும் “யா அல்லா” என்று மண்டியிட்டுவிட்டார். மெல்லிய உளியை வைத்துக் குங்கிலியத்தைச் சுரண்டினார். அது கல்லாக இறுகிக் கிடந்தது. “தங்கச்சி, இரும்பு ஏதாச்சும் காய வச்சுக் கொண்டா” என்றார். தோசைத் திருப்பியின் காம்பை அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, துணி சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குங்கிலியம் இளகிப் புகைந்தது. கோயிலில் அடிக்கிற அதே வாசனை பட்டறை முழுக்கப் பரவியது. அடியில் செம்பு ஆப்பு தெரிந்தது. அதை இடுக்கியால் பிடித்து இழுத்தார். இடுக்கி வழுக்கியது. மறுபடி பிடித்தார், வழுக்கியது. தட்டித் தளர்த்தலாம் என்றால், தட்டக் கூடாது.

“வருதா பாய்?”

பாய் இடுக்கியை விடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். தாடியில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

“நான் அடைச்சது எதுவும் இதுவரைக்கும் விட்டதில்ல தங்கச்சி” என்றார்.

கரை முழுக்க அவரைக் கொண்டாடியது அதற்காகத்தான். இப்போது ஒரே ஒரு தடவை, ஒரு சொட்டு ஒழுகினால் போதும் என்று நாங்கள் எல்லோரும் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். 

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பாய் இன்னும் இடுக்கியோடு போராடிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே வெடிச் சத்தம் கேட்டது. விட்டத்தின் மூலையில் வெல்டிங் விட்டுப் பிளந்தது. விட்டம் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது, ஷாஃப்ட் உருண்டு விழுந்தது, என் கணவர் என் மேல் விழுந்தார். எங்களில் யாரும் எதுவும் செய்யவில்லை. அவர் கையைக் கவ்வியதும் அந்த மட்டமான மெஷின்தான், விட்டதும் அதனுடைய மட்டமான வெல்டிங்தான். எனக்கு நன்றி சொல்வதா காறித் துப்புவதா என்றே தெரியவில்லை.

மீன் லாரியில் ராமநாதபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நடுவில் இருந்த மூன்று விரல்களையும் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. பாய் வார்டுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வாங்க அண்ணே என்று கூப்பிட்டேன். “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கோபம் முழுக்க அந்தப் பச்சைப் பெயின்ட் மேல் இருந்தது.

அந்தக் கோபத்தோடுதான் மதுரைக்கு பஸ் ஏறினேன். பிரஸ் வாங்கிய கடைக்கு முன்னால் தெருவில் வரிசையாக நாலைந்து பிரஸ்கள் பெயின்ட் காயக் காத்து நின்றன. எல்லாவற்றிலும் ‘பத்து டன்’. கடைக்காரர் மரியாதையாக உட்காரச் சொன்னார், சோடா வாங்கிக் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டார்.

“ஓட்டைய அடைச்சது நீங்கதானம்மா?”

“அது எதுக்குன்னு நீங்க சொன்னீகளா?”

“கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.”

“சரி, பத்து டன்னு எழுதியிருக்கீகளே, அது தாங்குமா?”

“எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. எழுதலன்னா வாங்க மாட்டாங்க.”

பொய் சொல்கிற முகமே இல்லை அது. உண்மையைச் சொல்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? அங்கே வாங்க வந்திருந்த ஒருவரிடம், இதை வாங்காதீர்கள், என் வீட்டுக்காரர் கை போய்விட்டது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பிரஸ்ஸின் காலைக் கையால் தட்டிப் பார்த்து, “நல்லா கனமாத்தானே இருக்கு” என்றார். அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். வழியெல்லாம் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி யார் செத்தது என்று கேட்டாள்.

கட்டுப் பிரித்ததும் இவர் அந்த பிரஸ்ஸை ராமநாதபுரத்துக்கு அனுப்பி வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று நான் ஆடித் தீர்த்துவிட்டேன். “அங்கன லாஞ்சு எல்லாம் கரையில கிடக்கு. வேற பிரஸ் இங்கன எங்க இருக்கு?” என்றார். அந்த ஓட்டையையாவது திறந்து வைக்கச் சொல்லியிருக்கலாமே என்றேன். திறந்து பார்த்தார்களாம். உள்ளே இருந்த சின்னக் குண்டும் சுருள்கம்பியும் பஞ்சிலும் குங்கிலியத்திலும் சிக்கிக் கெட்டுப்போயிருந்தனவாம். யுத்தகாலத்து ஜாக்கிக்கு மாற்றுச் சாமான் எங்கும் கிடையாது. திறந்தே விட்டால் எண்ணெய் நிற்காது. அதனால் மரை வெட்டி, ஒரு போல்ட்டை முறுக்கி, நிரந்தரமாக மூடிக் கொடுத்துவிட்டார்கள். விட்டத்தில் எழுத்து அழிந்திருந்ததால், கேட்காமலே ‘பத்து டன்’ என்று புதிதாக எழுதியும் கொடுத்திருந்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி கைப்பிடிச் சத்தம் கேட்டது. மறுபடி முனகல். முதல் நாளே பொறுக்காமல் எழுந்து போனேன். வாசலில் நின்று பார்த்தேன். வலது கையால் கைப்பிடியை அடித்துக்கொண்டிருந்தார். இடது கையின் மிச்சத்தால் ஷாஃப்டைப் பிடித்திருந்தார், அதே இடத்தில்.

“ஏங்க, மறுபடியும் அந்தக் கையாலயா பிடிக்கிறீக?” என்றேன். 

அவர் திரும்பிப் பார்த்தார். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்தார்.

“இந்தக் கையில இனிமே போறதுக்கு என்ன இருக்கு?” என்றார்.